பேரு எழுத வேண்டியதில்ல

மன அழுத்தத்தக் குறைக்கிற வகுப்புன்னு சொன்ன ஒடனே மொகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டீங்க பாருங்க. என்ன எதிர்பாக்கறீங்கன்னு தெரியாதா என்ன. ஒரு மேடம் வருவாங்க, மூச்ச இழுங்கம்பாங்க, விடுங்கம்பாங்க, ரெண்டு பொம்பளைங்க தேம்பித் தேம்பி அழுவாங்க, அதப் பாத்து மேனேஜருக்கு மனசு எளகிப்போகும், கடசில எல்லாரும் கையத் தட்டிட்டு ஆளுக்கொரு வடையத் தின்னுட்டுக் கலைவாங்க. அதானே? சரி, மேடம் வந்தாச்சு. மூச்சும் இழுத்தாச்சு. வடையும் இருக்குது, அந்த ஓரத்துல எவர்சில்வர் அண்டாவுல மூடி வச்சிருக்குது, ஆனா போட்டோ எடுத்த பொறவுதான் தொறப்பாங்களாம், வெளிநாட்டுல இருந்து துணி வாங்கற பையரோட ஆளு ஆடிட்டுக்கு வர்றப்ப காட்டோணுமில்ல, எங்க கம்பெனில பொம்பளைங்க எல்லாரும் எப்படி சிரிக்கறாங்க பாருங்கன்னு. மிச்சத்துக்கு அவசரப்படாதீங்க. அழுகறதுக்கு ஆளு தேடறவங்க கொஞ்சம் ஏமாந்துதான் போவீங்க. கண்ண மூடுங்கன்னு சொன்னா மூடறதுக்கும், தொறங்கன்னு சொன்னா தொறக்கறதுக்கும் இருபத்தாறு பேரு, தச்ச டீசர்ட்டுல கொறை பாக்கற செக்கிங் டேபிள் மொத்தமும், மாடியில கேன்டீன் ஹால்ல ஜமுக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. மூணாவது வரிசையில தூணுக்குப் பக்கத்துல இருக்கறது துளசிமணி. நாப்பத்தேழு வயசு, பத்தொம்பது வருசமா டீசர்ட்டப் புரட்டிப் புரட்டிப் பாக்கற கை. மேடம் இழுங்கன்னு சொன்னப்ப இழுத்தா. விடுங்கன்னு சொன்னது காதுல விழுகல. ஏன்னா சரியா அந்த நேரத்துலதான் கைக்கு ஞாபகம் வந்துச்சு.

கைக்குத்தான் வந்துச்சு, அவளுக்கு இல்ல. வலது கை கட்டவெரலு, மடியில சும்மா கெடந்தது, தன்னால ஒரு தடவ அமுந்துச்சு. ஸ்டிக்கர் ஒட்டறப்ப அமுத்துற அமுத்து. நேத்து சாயந்திரம் இப்படி அமுத்துனமா? வேல முடிய பத்து நிமிசம் இருக்கறப்ப மேடம் டேபிள் டேபிளா வந்து ஆளுக்கொரு வெள்ளச் சீட்டக் குடுத்தாங்க. "வேலையில உங்களுக்கு எது ரொம்ப அழுத்தமா இருக்கோ அதை அப்ப்ப்படியே எழுதுங்க, மனசத் தொறந்து எழுதுங்க, பேரு எழுத வேண்டியதில்ல, ஓகேவா, சூப்பர்." துளசிமணி எழுதுனா. எழுதி ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா, சுருக்கம் இல்லாம உள்ளங்கையில நீவி விட்டா. அது வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்குது. டீசர்ட்டு பீஸும் அப்படித்தானே, மடிச்சு, நீவி, எடது கையில சுத்தி வச்சிருக்கற ரோல்ல இருந்து ஒரு ஸ்டிக்கர உரிச்சு, கழுத்துக்குக் கீழ ஒட்டி, கட்டவெரல்ல ஒரு அமுத்து. இருபத்திமூணு. துளசிமணி பாத்தாச்சு, பாஸ் பண்ணியாச்சு, இதுல கொறை இருந்தா இருபத்திமூணாம் நம்பரப் புடின்னு அர்த்தம். ஒரு நாளைக்கு அறுநூறு தடவ. மடிச்சு நீவுனா அடுத்தது ஒட்டறதுதான், நடுவுல புத்திக்கு என்ன வேல இருக்குது? இல்ல, சீட்டு மேல ஒட்டியிருக்க மாட்டேன். அப்பத்தான் ரோலு தீர்ந்துபோயிருந்துச்சே. தீர்ந்துச்சா? தீர்ந்தது முந்தாநாளா நேத்தா? "நல்லா ஆழமா இழுங்க, வயித்துலருந்து இழுங்க, அப்படியே ஹோல்ட் பண்ணுங்க, உங்க டென்சன் எல்லாத்தையும் வெளிய விடுங்க, ஸ்ஸ்ஸ்..." பஞ்சர் ஆன சைக்கிளு மாதிரி இருபத்தாறு பேரும் ஸ்ஸ்ஸ். மக கல்யாணத்துல என்ன ஆச்சு? பொண்ணு மணவறைக்குக் கெளம்பறப்ப முந்தானை மடிப்பு எடுத்து, நீவி விட்டு, ஒரு தட்டு தட்டி அனுப்பி வச்சா. ஒரு மாசம் கழிச்சு ஆல்பம் வந்தப்ப பாத்தா, தாலி கட்டற போட்டோவுல தோள்பட்டை மேல வெள்ளையா ஒரு பொட்டு. சம்பந்தியம்மா கண்ணுகிட்ட வச்சுப் பாத்துட்டு, "இதென்னுங்க, பொண்ணுக்கு நம்பர் போட்டு அனுப்பியிருக்கறீங்க, வாபஸ் எடுத்துக்குவீங்களா"ன்னு கேட்டாங்க. மண்டபத்துக்கு ரோலக் கொண்டு போனதே இவளுக்குத் தெரியாது, ஜாக்கெட்டுக்குள்ள கெடந்திருக்குது. அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. இவளும் சிரிச்சா. இப்ப அந்தக் கட்டவெரல மடக்கி மத்த வெரலுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டா.

ஒட்டுனாத்தான் என்ன, டார்கெட்டு எச்சா இருக்குது, பாத்ரூமுக்கு விட மாட்டேங்கறாங்கன்னு எழுதியிருந்தா சூப்பர்வைசர் நாச்சிமுத்து நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு, அவ்வளவுதான். அதையா எழுதுனா? அத எழுதறதுக்குத்தான் பேனாவ எடுத்தா. எடுத்த பேனா அத எழுதல. பத்தொம்பது வருசத்துல உனக்கு என்ன கஷ்டம்னு ஒரு ஆளு கேட்டதில்ல, கேட்ட ஒடனே கை அது பாட்டுக்கு ஓடிருச்சு. எனக்குக் கறுப்புத் துணியில ஓட்டை தெரியறதில்லைங்க. வெரல்ல தடவித்தான் பாஸ் பண்றேன். ரெண்டு வருசமாச்சு. அவ்வளவுதான் எழுதுனது, மூணு வரி. மூணாவது வரி எதுக்கு எழுதுன, மூதேவி? ரெண்டு வருசம்னு ஆரு கேட்டா? வெள்ளத் துணி தெரியும், மஞ்சள் தெரியும், நீலம் கூட லைட்டுக்கு நேரா புடிச்சாத் தெரியும். கறுப்பு வந்தாத்தான் கண்ணு முன்னால பாலாடை மாதிரி என்னமோ வந்து ஒக்காந்துக்குது. ஸ்கூல்ல கண்ணு முகாம் போட்டப்ப டாக்டரு டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, "ரெண்டுலயும் பொறை இருக்கும்மா, ஆப்பரேசன் பண்ணணும், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு, ஒரு ரெண்டு மாசம் லீவு சொல்லிடுங்க"ன்னாரு, என்னமோ காய் வாங்கிட்டு வாங்கங்கற மாதிரி. ரெண்டு மாசம் காலியா இருக்கற எடம் செக்கிங் டேபிள்ல ஏது? சாயப்பட்டறையில இருந்து இருமிக்கிட்டு வந்து ஒக்காந்த புருசன் வீட்டுல இருக்குது, இவ ஒருத்தி கைதான் ஓடுது. சரி, ஒரு கண்ணாடியாவது போட்டுப் பாக்கலாம்னா, செக்கிங்லயே இருந்த மயிலாத்தாக்கா போட்டாங்களே. சங்கிலியெல்லாம் கோத்து, டீச்சரம்மா மாதிரி ஜம்முனு வந்தாங்க. நாச்சிமுத்து சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. "ஏனுங்க்கா, கண்ணு செரியில்லீங்களா? சொல்லவே இல்ல பாத்தீங்களா? ஒண்ணும் இல்லீங்க, சும்மா கேட்டனுங்க." அடுத்த திங்கக்கெழம பிசிறு வெட்டற எடத்துக்கு மாத்திட்டாங்க. மூணு மாசம் நின்னுகிட்டே பிசிறு வெட்டுனாங்க, அதுக்கப்புறம் வரல. அன்னையில இருந்து செக்கிங் டேபிள்ல ஒரு மூக்கு மேலயும் கண்ணாடி ஏறுனதில்ல.

வெரலு நல்ல வெரலுதான். கறுப்பு பீஸுக்குள்ள எடது கைய விட்டு விரிச்சு, மேல வலது கை நடுவெரல ஓட்டுனா, ஊசி குத்துன ஓட்டையில ஒரு சின்ன நெருடல் இருக்கும், எறும்பு கடிச்ச எடம் மாதிரி. சிக்குனா எடுத்து ஒதுக்கிருவா. சிக்காததும் உண்டு. போன மாசம் பையரோட ஆளு ஒரு பொட்டியப் பிரிச்சு, ஒரு கறுப்பு டீசர்ட்டுக்குள்ள கைய விட்டு லைட்டப் பாத்துத் தூக்கிப் புடிச்சான். தெரியறவங்களுக்கெல்லாம் ஓட்டை ஒவ்வொண்ணும் நட்சத்திரம் மாதிரி தெரிஞ்சுதாம். அயர்ன் பண்றப்ப ஸ்டிக்கரு உரிஞ்சு வந்துருமா, அதனால எந்த நம்பருன்னு தெரியாது, எந்த டேபிள்னு மட்டும்தான் தெரியும். ரெண்டாம் டேபிள். நாலு பேரையும் நிக்க வச்சு நாச்சிமுத்து ஆரம்பிச்சாரு. "கண்ண எங்கீங்க வச்சிட்டு வந்தீங்க? வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா? சோத்துல கல்லு கெடந்தா மட்டும் தெரியுமல்லோ?" அவரு பேசறப்ப ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் வேட்டியில்லாத இடுப்புல வேட்டியத் தூக்கிக் கட்டுவாரு, பேண்ட்டு போட்டாலும் அந்தப் பழக்கம் போகல, மத்த நாளா இருந்தா அதப் பாத்தே டேபிள்ல நாலு பேருக்கும் சிரிப்பு முட்டும். அன்னைக்கு நாலு பேரும் தலையக் குனிஞ்சு நின்னாங்க. ஒருத்தியும் நானில்லைங்கலையே. அது ஏன்? அத அப்ப யோசிக்கல, இப்ப எதுக்கு வந்து மாட்டுது. சாப்பாட்டு நேரத்துல பாத்ரூமுக்குப் போனா உள்ள, டேபிள்ல இவளுக்குப் பக்கத்துல இருக்கற சுகந்தி, முப்பத்தெட்டு வயசு, கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதுட்டிருக்கா. "நான் பாஸ் பண்ணுன பீஸுதானுங்க்கா, என்றதாத்தான் இருக்கும்." துளசிமணி அவ முதுகத் தடவிக் குடுத்தா. "கம்முனு இரு புள்ள, எல்லாருக்கும் நடக்கறதுதான்"னா. உன்றதில்ல, என்றதுன்னு சொல்ல வாய் வரல. வாய் வராத எடத்துல எல்லாம் கை வந்துருது, முதுகத் தடவறதுக்கும், சீட்டு எழுதறதுக்கும்.

"இப்ப எல்லாரும் கண்ண மூடியே இருங்க," மேடம் கொரலு ஸ்பீக்கர்ல வழுக்கிக்கிட்டு வருது, பாயசத்துல நெய்யி வழுக்கற மாதிரி. "உங்க மனசுக்குள்ள ஒரு பெரிய கறுப்பு மேகம் இருக்கு. நல்லாப் பாருங்க. அதுல ஒரு சின்ன்ன்ன ஓட்டை. குட்டியூண்டு ஓட்டை. அதுக்குள்ள இருந்து வெளிச்சம் வருது. தெரியுதா? யாருக்கெல்லாம் அந்த ஓட்டை தெரியுது? தெரியறவங்க கையத் தூக்குங்க." துளசிமணிக்குக் காதுக்குள்ள குப்புனு அடைச்சுது. படிச்சிட்டாங்க. சீட்டப் படிச்சிட்டாங்க, அதான் இப்படிக் கேக்கறாங்க, நேராக் கேக்காம மேகம் கீகம்னு போட்டுக் கேக்கறாங்க. கறுப்புன்னாங்களே. ஓட்டைன்னாங்களே. நீலமேகம்னு சொல்லியிருக்கலாமல்ல? கையத் தூக்கோணுமா, வேண்டாமா? தூக்குனா பொய்யி, சீட்டுல தெரியாதுன்னு எழுதிட்டு இங்க தெரியும்னு தூக்கறியான்னு கேப்பாங்க. தூக்கலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரி. மத்தவங்க என்ன பண்றாங்கன்னு ஒரு கண்ண மட்டும் இத்தினியூண்டு தொறந்து பாத்தா, எல்லாம் மசமசன்னு இருக்குது, கையா முந்தானையான்னு தெரியல. பக்கத்துல வளையல் சத்தம் கேட்டுச்சு, சுகந்தி தூக்கிட்டா போல. இவளும் பாதி தூக்குனா. தோளு வரைக்கும். தூக்குனதுன்னும் சொல்லலாம், தலையச் சொறிஞ்சதுன்னும் சொல்லலாம். "சூப்பர்! எல்லாருக்குமே தெரியுது!" மேடம் கையத் தட்டுனாங்க. "அவ்வளவுதாங்க வாழ்க்கை!" துளசிமணி கைய எறக்கி, சும்மா எறக்காம, நெசமாவே தலையச் சொறிஞ்சுக்கிட்டா.

கண்ணத் தொறக்கச் சொன்னாங்க. மேடம் முன்னால ஒரு அட்டப் பொட்டி, கலர் பேப்பரெல்லாம் ஒட்டி, மேல சிரிக்கற மூஞ்சி வரைஞ்சிருக்குது. "இப்ப நம்ம மனசுப் பெட்டியத் தொறக்கப் போறோம். யாரு எழுதுனதுன்னு யாருக்கும் தெரியாது. படிப்போம், சிரிப்போம், தூக்கிப் போடுவோம், ஓகேவா?" கைய உள்ள விட்டு மொதல் சீட்ட எடுத்தாங்க. துளசிமணி எட்டிப் பாத்தா. வெள்ளையா ஒண்ணு மேடம் கையில ஆடுது, புறாவா சீட்டான்னே தெரியல, இதுல அது மேல ஸ்டிக்கர் இருக்குதான்னு எங்க போய்ப் பாக்கறது. சுகந்தி காதுல கேட்டா, "புள்ள, அந்தச் சீட்டு மேல என்னமோ ஒட்டியிருக்குதா பாரு." சுகந்தி கண்ணச் சுருக்கிப் பாத்தா, கழுத்த நீட்டிப் பாத்தா. "தெரீலீங்க்கா. ஏனுங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?" "எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுதான்னு கேட்டேன்." "எனக்கும் தெரியுதுங்க்கா." ரெண்டு பேரும் நேராப் பாத்து ஒக்காந்துக்கிட்டாங்க. மேடம் படிச்சாங்க, "வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் ரெண்டும் சேர்ந்து கஷ்டமா இருக்கு." எல்லாரும் ஆமாமான்னாங்க. இவளுது இல்ல. ரெண்டாவது, "மீட்டிங் ரொம்ப நேரம் வைக்கிறாங்க." பின்னால இருந்து ஒருத்தி, "நம்ம கம்பெனில ஆருக்குடி மீட்டிங் வெக்கறாங்க"ன்னா, இன்னொருத்தி, "நாச்சிமுத்தண்ணன் எழுதிப் போட்டிருப்பாரு"ன்னா, கதவுகிட்ட நின்னுட்டிருந்த நாச்சிமுத்து இல்லாத வேட்டியத் தூக்கிக் கட்டுனாரு, ஹாலே சிரிச்சுது. துளசிமணிக்கு மட்டும் ஒவ்வொரு சீட்டுக்கும் நெஞ்சு ஒரு படி எறங்கி ஒரு படி ஏறுது. மூணாவது, நாலாவது. மேடம் கை பொட்டிக்குள்ள போற ஒவ்வொரு வாட்டியும் இவ எழுந்திருச்சு ஓடறதுக்குக் காலு தயாராகுது. படிச்சாங்கன்னா? "எனக்குக் கறுப்புத் துணியில"ன்னு மேடம் அந்த நெய்க் கொரல்ல ஆரம்பிச்சாங்கன்னா? முழுசும் படிக்கறதுக்குள்ள பல்லி விழுந்துருச்சுன்னு கத்தலாமா? மயக்கம் போட்டு விழுகலாமா? விழுந்தா தண்ணி தெளிச்சு எழுப்பி, இந்தாங்க உங்க சீட்டுன்னு கையில குடுப்பாங்க. அப்புறம் நாச்சிமுத்து வருவாரு. "ஏனுங்க்கா, சொல்லவே இல்ல பாத்தீங்களா?" சுகந்தி திரும்பிப் பாப்பா. அன்னைக்கு முதுகத் தடவுன கையப் பாப்பா. வேல போறது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பார்வைய எங்க கொண்டு போய் வெக்கறது. ஏழாவது சீட்டு, "லிப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆகுது." லிப்டா? ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, இருந்தாலும் சிரிச்சாங்க, சிரிக்கத்தானே கூட்டிட்டு வந்திருக்குது. எட்டு. ஒம்போது. பத்து.

"அவ்வளவுதான்!" மேடம் பொட்டியத் தலகீழா கவுத்துக் காட்டுனாங்க. ஒண்ணும் விழுகல. துளசிமணி இன்னும் கொஞ்சம் விழுகும்னு பாத்துக்கிட்டே இருந்தா. விழுகல. இவ சீட்டு இல்ல. எங்கியோ விழுந்து போயிருக்கும், காத்துல பறந்து கூட்டறவங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்க, மேடமே படிச்சுட்டு பாவம் கெழவின்னு கிழிச்சுப் போட்டிருப்பாங்க, நல்ல மனுசி, கொரலப் பாத்தாலே தெரியலையா, சும்மா நெய்யி கிய்யின்னு நெனச்சமே. மூச்சு வந்துச்சு. யாரும் சொல்லாமயே வயித்துக்கு அடியில இருந்து எழும்பி, நெஞ்ச நெறச்சு, மூக்கு வழியா நிதானமா வெளிய போச்சு. ரெண்டு வருசமா எங்க இருந்துச்சோ அந்த மூச்சு. மேடம் அதையும் பாத்துட்டாங்க. "இந்த அக்கா மொகத்தப் பாருங்க! பாருங்களேன், எவ்வளவு லைட்டா இருக்காங்க! இதாங்க நான் சொன்னது. போட்டோ, போட்டோ, இந்த அக்காவ முன்னால விடுங்க." நாலு கை சேந்து துளசிமணியத் தள்ளி முன்வரிசையில ஒக்கார வச்சுது. சிரிங்கன்னாங்க. சிரிச்சா. நெசமாவே சிரிச்சா. வடை வாசம் வந்துச்சு, கறுப்பு ஆர்டரு இன்னும் ரெண்டு வாரந்தான், அப்புறம் வெள்ள ஆர்டரு, அது ஓடற வரைக்கும் கவல இல்ல, அதுக்கப்புறம் பாத்துக்கலாம், ஒரு கண்ண மட்டும் தீவாளி லீவுல பண்ணிக்கலாமான்னு கூட ஒரு நெனப்பு வந்துச்சு. அப்ப பின்னால இருந்து சுகந்தி எந்திரிச்சா. "மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் எழுதுனத நீங்க படிக்கவே இல்லீங்களே." துளசிமணி திரும்பி, ஒக்காருடின்னு கண்ணக் காட்டுனா. சுகந்தி பாக்கல. "என்றதும் படிக்கல"ன்னு இன்னொரு கொரலு. "என்றதுந்தான்." மேடம், "ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேத்துட்டேன்ப்பா, டைம் ஆச்சு பாருங்க, வடை ஆறிடும்"னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள, மேடையோரமா ஸ்பீக்கர் ஒயரச் சுருட்டிக்கிட்டிருந்த ஒரு ஆளு, மேடத்துக்குக் கார் ஓட்டிட்டு வந்தவரு, காலையில இருந்து வாயே தொறக்காதவரு, நல்ல மனசோட ஒத்தாச பண்றதா நெனச்சுக்கிட்டு நிமுந்தாரு.

"அது இங்க எப்படிங்க இருக்கும்? இதெல்லாம் போன வாரம் வேற ஒரு ஆபீஸ்ல எழுதுன சீட்டுங்க, மேடம் எல்லா ஊருக்கும் இதத்தான் படிப்பாங்க. நீங்க எழுதுனத நேத்தே உங்க மேனேஜர் சாரு கேட்டு வாங்கிக்கிட்டாரே. நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன், நிக்க வச்சே பிரிச்சுப் படிச்சாரு. இருபத்தாறுல பதினாலு சீட்டு ஒரே மாதிரி இருக்குதுன்னாரு, பதினாலு பேரு கறுப்புல கண்ணு தெரியலைன்னு எழுதியிருக்காங்களாம். திங்கக்கெழம எல்லாருக்கும் கண்ணு டெஸ்ட்டுன்னு டாக்டருக்குச் சொல்லிட்டு, அடுத்த போன்லயே புது ஆளு பதினாலு வேணும்னு சொல்லிட்டாருங்களே, உங்ககிட்ட இன்னும் சொல்லலீங்களா?"